கப்பல் ஒன்று, கை பல: ஒரு பயணக் கப்பலின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கப்பல் பேச்சு இரண்டு விதமாக வரும். ஒன்று பழைய பேச்சு: மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வியாபாரமும் பார்க்க, போன ஐயாக்கள் ஏறிய ‘ரஜூலா’, அதற்குப் பிறகு வந்த ‘சிதம்பரம்’. மற்றது புதிய பேச்சு: சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இரண்டு மூன்று இரவு போய்வரலாமா என்று பல்லவன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் பார்க்கும்போது எழுவது. இரண்டிலும் கடைசியில் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: அது யார் கப்பல்?

இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது பெரும்பாலும் பாதிதான் சரியாக இருக்கும். கப்பலின் பெயர், உரிமையாளர், நடத்துபவர், கொடி (அதாவது எந்த நாட்டில் பதிவானது என்பது) ஆகிய நான்கும் தனித்தனி இழைகள். ஒன்று மாறும்போது மற்றது மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வரலாறு எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

யார் யார் இருக்கிறார்கள்?

ஒரு வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரப்படி பன்னிரண்டு பங்காளிகளுக்குப் பாத்தியம். அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்துபவர் வெளியூர்க்காரர். ஓடு மாற்றுவது, தூணுக்கு எண்ணெய் போடுவது, ஆள் வைத்துப் பெருக்குவது மூன்றாமவர் பொறுப்பு. வாசலில் தொங்கும் பலகையில் இவர்கள் யார் பெயரும் இல்லை. கப்பலும் இப்படித்தான்.

பதிவு உரிமையாளர் என்பவர் கப்பல் பதிவேட்டில் பெயர் உள்ளவர். இன்றைக்கு இது பெரும்பாலும் அந்த ஒரே ஒரு கப்பலை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் தனிக் கம்பெனி. ஒரு கப்பல் கடனிலோ வழக்கிலோ மாட்டினால், அதே முதலாளியின் மற்றக் கப்பல்கள் வரை அது பரவாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தாய்க் குழுமம்தான் உண்மையில் இலாப நட்டத்தைத் தாங்குவது. நடத்துபவர் என்பவர் டிக்கெட் விற்பவர். விளம்பரத்தில் நாம் பார்ப்பது இவர் பெயரைத்தான். மேலாளர் என்பவர் மாலுமிகளை அமர்த்தி, பழுது பார்த்து, பாதுகாப்புச் சான்றிதழ்களைக் காலாவதியாகாமல் வைத்திருப்பவர். இவர்களுக்கு நடுவே ‘பேர்போட் சார்ட்டர்’ என்ற குத்தகையும் உண்டு. வெறும் கப்பலை மட்டும் சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டு, ஆட்களையும் எரிபொருளையும் குத்தகைதாரரே போட்டுக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்தால் அவர்தான் முதலாளி போலத் தெரியும். பதிவேட்டைப் பார்த்தால் இல்லை.

பங்குக் கணக்கு கப்பலுக்கும் உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலின் உரிமை 64 பங்குகளாகப் பிரிக்கப்படும். பழைய பதிவேடுகளில் ஒருவர் பெயருக்கு எதிரே 16 அல்லது 21 என்ற எண் இருந்தால், அது 64இல் அவருடைய பங்கு.

எம்பிரஸ்: பிறக்கும் முன்பே கை மாறியது

சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய ‘எம்பிரஸ்’ கப்பலையே எடுத்துக்கொள்வோம். இதை நடத்துவது கொர்டிலியா குரூசஸ்.

அட்மிரல் குரூசஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இதற்கு ஆர்டர் கொடுத்தபோது வைத்திருந்த பெயர் ‘ஃப்யூச்சர் சீஸ்’. பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நடந்துகொண்டிருக்க, 1988இல் அட்மிரல் கம்பெனி, ராயல் கரீபியன் என்ற இன்னொரு உல்லாசக் கப்பல் கம்பெனியோடு இணைந்துவிட்டது. கப்பல் 1990இல் சேவை தொடங்கியபோது அதன் பெயர் ‘நார்டிக் எம்பிரஸ்’. முதல் பெயரில் அது ஒரு நாளும் பயணிகளை ஏற்றவில்லை. நீளம் சுமார் 211 மீட்டர், மொத்தக் கொள்ளளவு 48,563 டன். மூன்று, நான்கு இரவுப் பயணத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட கப்பல் இது. வயதான பிறகும் இதற்கு வேலை கிடைத்துக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. வார இறுதிப் பயணம்தான் இந்தியாவில் விற்கும்.

2004இல் பெரிய புதுப்பிப்பு வேலை நடந்தது. பெயர் ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆனது. முதலாளி அதே ராயல் கரீபியன். 2008இல் ஸ்பெயினின் புல்மாந்தூர் கம்பெனிக்குப் போய் ‘எம்பிரஸ்’ ஆனது. விற்றுவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் புல்மாந்தூரை ராயல் கரீபியன் 2006இலேயே வாங்கியிருந்தது; பணம் ஒரே குடும்பத்துக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதுதான். 2016இல் புல்மாந்தூரின் 51 சதவீதப் பங்கை வெளியாருக்கு விற்றபோது, கப்பல் ராயல் கரீபியனுக்கே திரும்பி மறுபடி ‘எம்பிரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆனது. 2017இல் அந்தக் கம்பெனியின் முதல் ஹவானா பயணம் போனதும் இதுவே. கொரோனாவால் தொழில் முடங்கியிருந்த 2020 டிசம்பரில் விற்பனை அறிவிக்கப்பட்டது. 2021இல் இந்தியாவுக்கு வந்து மீண்டும் ‘எம்பிரஸ்’. அந்த ஆண்டு செப்டம்பரில் மும்பையிலிருந்து முதல் பயணம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஃப்யூச்சர் சீஸையும் சேர்த்தால் பெயர் ஐந்து முறை மாறியிருக்கிறது. சேவைக்கு வந்த பிறகு ராயல் கரீபியன் குழுமத்தை விட்டு வெளியே விற்கப்பட்டது ஒரே ஒரு முறை.

இதற்குக் கொஞ்சம் முன்னால் மும்பையில் வந்து போன ‘கர்ணிகா’வின் கதை இன்னும் தெளிவு. அதுவும் 1990இல் பிறந்தது. இத்தாலியின் மோன்ஃபால்கோனேவில் கட்டியது. அதுவும் சிட்மார் என்ற வேறொரு கம்பெனிக்கென ஆர்டர் ஆகி, 1988இல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனி சிட்மாரை வாங்கியதால் அதன் பிரின்சஸ் பிரிவுக்கு ‘கிரவுன் பிரின்சஸ்’ ஆகப் போய்ச் சேர்ந்தது. மேல்புற உருவம் ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. டால்பின் தலை மாதிரி வளைந்த முகப்பு. எத்தனை பெயர் மாறினாலும் புகைப்படத்தில் இதை அடையாளம் காண அந்த வளைவு ஒன்றே போதும். 2002இல் ‘அரோசா புளூ’, 2004இல் ‘ஐடாபுளூ’, 2007இல் ‘ஓஷன் வில்லேஜ் டூ’, 2009இல் ‘பசிபிக் ஜுவல்’. ஜெர்மானியருக்கு ஒரு பெயர், ஆங்கிலேயருக்கு ஒரு பெயர், ஆஸ்திரேலியருக்கு ஒரு பெயர். அத்தனைக்கும் தாய்க் குழுமம் ஒரே வரிசைதான்: பி அண்ட் ஓ, அதிலிருந்து 2000இல் பிரிந்த பி அண்ட் ஓ பிரின்சஸ், 2003 முதல் அது இணைந்த கார்னிவல். 2019இல் ஜலேஷ் குரூசஸுக்கு வந்து கர்ணிகா ஆனபோதுதான் குழுமத்தை விட்டே வெளியே வந்தது. அடுத்த ஆண்டே குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைப்புக்குப் போய்விட்டது.

மாறாதது எண் மட்டும்

‘கிரவுன் பிரின்சஸ்’ என்ற பெயரில் 2006இல் வேறொரு புதுக் கப்பல் வந்தது. இன்று அந்தப் பெயரைத் தேடினால் அதுதான் முன்னால் வரும். இந்தக் குழப்பத்துக்கு மருந்து ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண். ஏழு இலக்கம். கப்பல் கட்டும்போது கொடுப்பது, உடைக்கும் வரை மாறாது. உரிமையாளர், பெயர், கொடி எது மாறினாலும் எண் அப்படியே இருக்கும். உடைத்த பிறகும் வேறு கப்பலுக்குக் கொடுக்க மாட்டார்கள். 100 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பல்களுக்கு இது 1996 ஜனவரி 1 முதல் கட்டாயம். 2004 முதல் கப்பலின் வெளிப்புறத்திலேயே நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பயணிகள் கப்பலில் விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி மேல்பரப்பில் போடுவார்கள்.

குறித்துக்கொண்ட எண் சரியா என்று நீங்களே சோதிக்கலாம். எம்பிரஸின் எண் 8716899. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 56, 42, 5, 24, 24, 18. கூட்டினால் 169. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 9, 9. பொருந்தவில்லை என்றால் எங்கோ ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

கப்பலின் இருப்பிடத்தைக் காட்டும் இணையதளங்களில் எம்.எம்.எஸ்.ஐ. என்று ஒன்பது இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதை நம்பி வரலாறு தேடக் கூடாது. அது வானொலித் தொடர்புக்கான எண். கொடி மாறினால் அதுவும் மாறும். இந்தியக் கொடிக் கப்பலென்றால் 419 என்று தொடங்கும்.

ஐ.எம்.ஓ. எண் கையில் இருந்தால் ‘ஈக்வாசிஸ்’ தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து உள்ளே போய்ப் பார்க்கலாம். பதிவு உரிமையாளர், மேலாளர், வகுப்புச் சங்கம் (கப்பலின் கட்டுமானத் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு), எந்தத் துறைமுகத்தில் எப்போது சோதனை நடந்தது, என்னென்ன குறை கண்டார்கள் என்பதெல்லாம் இருக்கும். டிக்கெட் போடும் முன் விளம்பரப் படத்தைப் பார்ப்பதைவிட இந்தக் குறைப் பட்டியலைப் பார்ப்பது மேல். கப்பலுக்குள்ளேயே ஒரு தொடர் பதிவு ஆவணமும் இருக்கும். கொடி, பெயர், பதிவுத் துறைமுகம், உரிமையாளர், பேர்போட் குத்தகைதாரர், பாதுகாப்பு மேலாண்மைக் கம்பெனி என்று ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் மாறியது என்பதை அதில் எழுதிக்கொண்டே வர வேண்டும். 2004 ஜூலை 1 முதல் உள்ள விதி இது. பயணிகள் கேட்டுப் பார்க்கிற காகிதம் அல்ல. துறைமுக அதிகாரிகள் கேட்பது.

கை மாறும் நாள்

பழைய கப்பல் வியாபாரத்தில் பரவலாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவம் நார்வீஜியன் சேல்ஃபார்ம். விலை படிந்ததும் வாங்குபவர் பொதுவாகப் பத்து சதவீதம் முன்பணம் கட்டுவார். அவருடைய ஆட்கள் வகுப்புச் சங்கத்தின் பழைய சோதனைக் குறிப்புகளைப் படித்து, கப்பலில் ஏறி எஞ்சின் அறை, தண்ணீர்த் தொட்டி, சமையலறை என்று சுற்றிப் பார்ப்பார்கள். தண்ணீருக்குக் கீழே உள்ள பகுதியை உலர்துறையில் ஏற்றியோ முக்குளிப்பவரை இறக்கியோ சோதிப்பார்கள். அடிப்பாகத் தகடு நசுங்கியிருந்தால், சுக்கானில் தளர்வு கூடியிருந்தால், யார் செலவில் சரிசெய்வது என்ற பேரம் அப்போதுதான் சூடுபிடிக்கும்.

ஒப்படைப்பு இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் நடக்கும். ஓர் அலுவலகத்தில் வழக்கறிஞர்களும் வங்கிக்காரர்களும் விற்பனைச் சீட்டு, அடமானம் தீர்ந்ததற்கான சான்று, பழைய பதிவிலிருந்து நீக்கிய சான்று ஆகியவற்றைச் சரிபார்த்துப் பணத்தை விடுவிப்பார்கள். கப்பலில் இரு தரப்புக் கேப்டன்களும் காத்திருப்பார்கள். கையெழுத்தாகும் ஒப்படைப்புச் சீட்டில் தேதி மட்டும் போதாது. மணி, நிமிடம் வரை எழுத வேண்டும். அந்த நிமிடத்துக்கு முன் தீப்பிடித்தால் விற்றவர் காப்பீடு, பின் என்றால் வாங்கியவர் காப்பீடு. தொட்டியில் மிச்சம் இருக்கும் எரிபொருளையும், உபயோகிக்காத மசகு எண்ணெயையும் அளந்து தனியாகக் காசு கொடுப்பது வழக்கம்.

பெயர் மாற்றுவது சின்ன வேலை போலத் தோன்றும். கப்பலின் மூக்குப் பகுதியில் பெயரை வெல்டிங் வரம்பாகவே இட்டிருப்பார்கள். அதைத் தேய்த்து எடுக்காமல் வண்ணம் மட்டும் பூசிய கப்பல்களில், சாய்ந்த வெயிலில் பழைய பெயர் மேலெழும்பித் தெரியும். உயிர்காப்புப் படகு, மிதவை வளையம், தீயணைப்புத் திட்ட வரைபடம் என்று பெயர் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் மாற்ற வேண்டும். விற்பவரின் சின்னம் பொறித்த தட்டு, கரண்டி, துணி போன்றவை விற்பனையில் சேராது. அவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

எங்கே இடறும்?

முதலாவது, விதி மாறும் இடங்கள். எம்பிரஸ் 2016இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பியபோது, சமையலறை அமெரிக்கச் சுகாதார விதிக்கு ஒத்துவரவில்லை. பெரிய அளவில் பிரித்துக் கட்ட வேண்டியிருந்ததால், டிக்கெட் விற்ற பல பயணங்களை ரத்து செய்தார்கள். தாய்க் குழுமம் தன் சொந்தக் கப்பலைத் திரும்ப எடுத்தபோதே இந்தக் கதி.

இரண்டாவது, தீ விதிகள். மரமும் எரியும் பொருட்களும் கொண்டு உள்வேலை செய்த பழைய பயணிகள் கப்பல்களுக்கு 2010 அக்டோபர் 1 கடைசிக் கெடு. அந்த ஆண்டை ஒட்டி 1950கள், 60களின் அழகான கப்பல்கள் பல உடைப்புக்குப் போனதைக் காண்பீர்கள். வாங்க ஆள் இருந்தும், மாற்றும் செலவு கப்பல் விலையை மிஞ்சியது.

மூன்றாவது, கடன். மாலுமிச் சம்பள பாக்கி, மோதல் நட்டம், மீட்புக் கூலி போன்றவை உரிமையாளர் மேல் மட்டும் அல்ல, கப்பல் மேலேயே ஒட்டிக்கொள்ளும் பாக்கிகள். விற்றாலும் கூடவே வரும். நீதிமன்றம் கப்பலைப் பிடித்து ஏலம் விட்டால்தான் அவை கழியும். கர்ணிகா அப்படித்தான் மும்பையில் பிடிபட்டு ஏலத்துக்குப் போனது. கப்பலைப் பிடித்து வைக்கும் அதிகாரம் கப்பல் வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டப்படி சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் உண்டு.

ரஜூலாவும் சிதம்பரமும்

இனி டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதங்களுக்கு வருவோம். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. 8,478 பதிவு டன். மேல்தளப் பயணிகளாக ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்பது அதன் தடம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த கிட்டங்கிகளுக்கு (செட்டியார்களின் தொழில் இடங்களுக்கு) ஆள் போனதும் வந்ததும் இதில்தான்.

இதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. ஆனால் அந்தக் கம்பெனியே 1914 முதல் பி அண்ட் ஓ வசம். பெயர், கொடி, புகைபோக்கி வண்ணம் எல்லாம் பழையபடியே விட்டுவைத்ததால் பயணிக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போரில் அரசாங்கம் இதைப் படைகளை ஏற்ற எடுத்துக்கொண்டது. அப்போதும் பதிவு உரிமை மாறவில்லை. இது கட்டாய வாடகை மாதிரி. இதே தடத்துக்காக இதே ஆண்டில் வந்த ஜோடிக் கப்பல் ‘ரோனா’ அப்படி அரசாங்கப் பணியில் இருக்கும்போதுதான் 1943 நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். ரஜூலா தப்பி, போருக்குப் பின் பழைய தடத்துக்கே திரும்பியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அந்தமான் ஊர் ஒன்றின் பெயரான ‘ரங்கத்’ என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே பம்பாயில் உடைபட்டது. ரங்கத் என்று தேடுபவருக்கு 47 வருடக் கதை கிடைக்காது; ஒரு வருடம்தான் கிடைக்கும்.

அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் புதுக் கப்பல் அல்ல. பிரான்சின் டன்கர்க்கில் கட்டி 1966இல் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் மெசாஜெரி மாரிடீம் கம்பெனிக்காக ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே ஓடியது; சுமார் 18,000 பதிவு டன். இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிச் சென்னை, சிங்கப்பூர் தடத்தில் விட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘பாஸ்டர்’ என்ற பெயரில் அதற்கு முன்பே இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் இருந்தது. 1930களின் இறுதியில் கட்டியது. 1959இல் ஜெர்மானியரிடம் ‘பிரெமன்’, பிறகு கிரேக்கரிடம் ‘ரெகினா மாக்னா’, கடைசியில் ‘சவுதிஃபில் 1’. 1980இல் உடைப்புக்கு இழுத்துச் செல்லும்போது இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது. இரண்டு பாஸ்டர்களையும் ஒன்றாக்கி, சிதம்பரம் போர்க்காலத்தில் படை ஏற்றியது என்று எழுதினால் தப்பு. பெயருக்குப் பக்கத்தில் கட்டிய ஆண்டையும் தளத்தையும் எழுதிவைத்தால் இது நேராது.

டன் கணக்கிலும் கவனம் வேண்டும். இங்கே சொல்லும் டன் எடை அல்ல, உள்ளிடத்தின் அளவு. பழைய பதிவு டன் ஒன்று 100 கன அடி. 1982 ஜூலை முதல் புதிய கணக்கு முறை வந்தது; பழைய கப்பல்களுக்கு 1994 வரை அவகாசம். எனவே ஒரே கப்பலுக்கு இரண்டு எண் கண்டால் கப்பல் பெரிதாகிவிட்டது என்று முடிவுகட்டாமல், எந்த முறை, எந்த ஆண்டு என்று பாருங்கள். ரஜூலாவின் எண்ணையும் எம்பிரஸின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் சரியில்லை.

வீட்டில் இருப்பதை வைத்துத் தொடங்குவதென்றால், முதலில் பாஸ்போர்ட்டைப் புரட்டுங்கள். பழைய குடிவரவு முத்திரையில் கப்பல் பெயரும் தேதியும் சேர்ந்தே இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெயர் இல்லாத புகைப்படமென்றால் புகைபோக்கியைப் பாருங்கள்: கறுப்பில் இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் அந்தக் கம்பெனியின் சின்னம் போட்ட பீங்கான் தட்டு கிடைத்தால், அது எந்தக் கம்பெனி என்று மட்டுமே சொல்லும். ரஜூலா தட்டு என்று விற்பவர் சொன்னால் விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். தேதி கிடைத்துவிட்டால் கப்பல்களின் விவரங்களை ஆண்டுதோறும் பட்டியலிடும் லாயிட்ஸ் பதிவேட்டில் அந்த ஆண்டின் தொகுதிக்குப் போங்கள். 1930 முதல் 1945 வரையுள்ள தொகுதிகள் படமாக இணையத்தில் இருக்கின்றன. கப்பலின் முந்தைய பெயர், உரிமையாளர், கட்டிய தளம், டன் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியை முழுதாக எழுதிக்கொண்டு, ஐந்து ஆண்டு தள்ளியுள்ள தொகுதியில் அதே வரியைப் பாருங்கள். என்ன மாறியிருக்கிறதோ அந்த இடைவெளிக்குள் தேடினால் போதும்.